தட்டையான ஊர்ல ஹேண்ட்பிரேக் போடணுமா? ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்க

குடந்தை ஆறுசிலிண்டர்:

வணக்கம் மக்களே. இவ்ளோ நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப கேட்டே ஆகணும்னு வந்திருக்கேன். பிஎம்டபிள்யூ எம்340ஐ ஒண்ணு செகண்ட்ஸ்ல எடுத்து ஊருக்குக் கொண்டு வந்தாச்சு, மூணு லிட்டர் டர்போ, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ். இதுக்கு முன்னாடி வச்சிருந்தது ஸ்விஃப்ட் மேனுவல். அதுல லீவர இழுத்தா கரகரன்னு பல்லு ஏறுற சத்தம் வரும், எவ்ளோ பிடிச்சிருக்குன்னு கைக்கே தெரியும். இதுல கியர் பக்கத்துல ஒரு குட்டி சுவிட்சு, அத தூக்குனா பின்னாடி ஒரு மோட்டார் சத்தம், டேஷ்ல செவப்பு லைட்டு, அவ்வளவுதான், பிடிச்சுதா இல்லையான்னே நம்பிக்கை வரமாட்டேங்குது.

வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மச்சான் என்ன சொல்றாருன்னா நம்ம ஊரு முழுக்க சமதளம், மலையா ஏறப் போற, கியர பி-ல, அதாவது பார்க்ல, போட்டா போதும், அந்த சுவிட்ச தொட்டுத் தொட்டு மோட்டார் போச்சுன்னா செலவு தாங்காதுங்கறார். சித்தப்பா மஸ்கட்ல வண்டி ஓட்டுனவர், ரெண்டு நிமிஷம் நிறுத்துனாலும் பிரேக் போடணும்பார், போடலன்னா காதுபட திட்டுவார். சர்வீஸ்ல கேட்டா ஆட்டோ ஹோல்ட, அதாவது வண்டி நின்னதும் கால் எடுத்தாலும் பிரேக்க தானா பிடிச்சு வைக்கிற வசதிய, ஆன்ல வச்சுட்டு மறந்துடுங்க சார்ங்கறாங்க.

இன்னொண்ணு, எங்க தெருவுல வருஷா வருஷம் ரோடு மேல ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குப் போயிடுச்சு. வாசல்ல சாய்வா சிமெண்ட் போட்டுத்தான் வண்டிய உள்ள எறக்குறோம். அந்த சாய்வுல பி போட்டு விட்டா காலைல கியர எடுக்கும்போது டொக்குன்னு ஒரு அடி, காருக்குள்ள உக்காந்திருக்கவங்களுக்கே தூக்கிப் போடுது. அது நார்மலா? ஐப்பசி கார்த்திகைல மழை வந்துட்டா வண்டி வெளிய எடுக்கவே மாட்டேன், அப்ப என்ன பண்றது?

அப்படியே இந்த மாதிரி வண்டில வெளிய தெரியாத வசதி ஏதாவது இருந்தா சொல்லுங்க. மேனுவல் புக்க யாருங்க படிக்கிறா.


தஞ்சாவூர் டார்க்:

அண்ணே முதல்ல வாழ்த்துக்கள், நல்ல வண்டி, அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் இன்னும் ரொம்ப நாளைக்குப் பேசப்படும். இப்ப விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க.

அந்த டொக்கு சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சாலே உங்க வீட்டு பஞ்சாயத்து பாதி முடிஞ்சுடும். பி போடும்போது பிரேக் பிடிக்கறதே இல்ல. கியர்பாக்ஸ் உள்ள வெளிய போற ஷாஃப்டுல ஒரு பல் சக்கரம் இருக்கு, அதோட ஒரு பல்லு இடுக்குல சின்னதா ஒரு இரும்புக் கொக்கி போய் உக்காருது, அவ்வளவுதான். சமதளத்துல அதுக்கு ஒரு பாரமும் இல்ல. சாய்வுல நிறுத்திட்டு காலைப் பிரேக்லேர்ந்து எடுத்தீங்கன்னா மொத்த வண்டியும் கொஞ்சம் உருண்டு வந்து அந்தக் கொக்கி மேல சாயும். எம்340ஐ ஒண்ணேமுக்கா டன்னு பக்கத்துல வரும், அத்தனையும் விரல் அளவு இரும்புத் துண்டு மேல ராத்திரி முழுக்க. காலைல நீங்க கியர எடுக்கும்போது பாரத்தோட இருக்கற கொக்கிய பிடுங்கித்தான் வெளிய எடுக்குது, அதான் அடி. ஒரு நாள்ல ஒண்ணும் உடையாது, ஆனா அது செய்ய வேண்டிய வேலையும் அது இல்ல.

வரிசை இதுதான்: வண்டிய நிறுத்தி பிரேக் மிதிச்சபடியே நியூட்ரலுக்குப் போங்க, பார்க்கிங் பிரேக் சுவிட்ச தூக்குங்க, இப்ப காலை மெதுவா எடுங்க, வண்டி லேசா அசைஞ்சு பிரேக் மேல உக்காரும், அப்புறம் பி. இப்படி செஞ்சா பாரம் பின்சக்கரத்து பிரேக்ல நிக்கும், கொக்கி சும்மா காவலுக்கு நிக்கும். ஒரு வாரம் செஞ்சு பாருங்க, டொக்கு காணாமப் போயிடும். எடுக்கும்போது முதல்ல கியர போட்டுட்டு பிரேக்க விடுங்க.

தட்டையான ஊருன்னு மச்சான் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊர்ல எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கா? ஒவ்வொண்ணுக்கும் பாலம், பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஏத்தம். காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறுன்னு தாண்டிக்கிட்டேதான் இருக்கோம். கரை ரோட்டுல போய் படித்துறை பக்கம் எறங்குற எடத்துல நிறுத்துவாங்க பாருங்க, அங்கெல்லாம் வெறும் பி போட்டு நிறுத்துனா பின்னாடி வர்ற வண்டி லேசா தட்டுனாக்கூட கொக்கிக்கு ஆபத்து. ரயில்வே மேம்பாலம் வேற இப்ப எங்க பாத்தாலும் இருக்கு.

மோட்டார் போயிடும்ங்கற பயம் தேவையில்ல. ஆயிரக்கணக்கான தடவை போட்டு எடுக்கறதுக்குன்னே கணக்குப் பண்ணி செஞ்சது. பின்சக்கரத்துல பிரேக்க கவ்வுற கேலிப்பர் ரெண்டுலயும் சின்ன மோட்டார் உக்காந்திருக்கு, அது ஸ்க்ரூவ சுத்தி பிஸ்டன தள்ளி பேட, அதாவது பிரேக் கட்டைய, சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கோட நெருக்குது, நெருக்கின அப்புறம் கரண்டே வேணாம், ஸ்க்ரூ தானா நிக்கும். சொல்லப்போனா மாசக்கணக்குல தொடாம விட்டாத்தான் உள்ள துரு ஏறி சிக்கும். 2001ல வந்த 7 சீரீஸ்லயே பிஎம்டபிள்யூ எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கும் ஆட்டோ ஹோல்டும் குடுத்துட்டாங்க, இது நேத்து வந்த சமாச்சாரம் இல்ல.

ஆட்டோ ஹோல்ட பத்தி சர்வீஸ்ல சொன்னது பாதிதான் சரி. சிக்னல்லயோ கேட்டு போட்ட எடத்துலயோ நிக்கும்போது அது பிடிக்கறது மோட்டார் இல்ல, சக்கரம் பூட்டாம பாத்துக்கற ஏபிஎஸ் யூனிட்டுல பிரேக் ஆயில அழுத்தமா பூட்டி வச்சு நாலு சக்கரத்தையும் பிடிக்குது. அந்த அழுத்தத்த மணிக்கணக்குல வச்சிருக்க முடியாது. அதனாலதான் ஆட்டோ ஹோல்ட் ஆன்ல இருக்கும்போது இன்ஜின அணைச்சாலோ, பெல்ட்ட கழட்டி கதவத் தொறந்தாலோ, அது தானா பார்க்கிங் பிரேக் மோட்டாருக்கு வேலைய மாத்தி விட்டுடும். இங்கதான் எல்லாரும் ஏமாறாங்க, ஆட்டோ ஹோல்ட ஆஃப் பண்ணி வச்சிருந்தா இந்த தானா போடுற வேலை நடக்காம இருக்கலாம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. பழக்கத்துல போட்டிருக்கும்னு நெனச்சு எறங்கிப் போயிடுவோம். அதனால செவப்பு லைட்ட பாத்துட்டு எறங்குங்க, வேற எதையும் நம்பாதீங்க.


நாகை உப்புக்காத்து:

டார்க் தம்பி சொன்னது தெனம் ஓட்டுற வண்டிக்கு. நிறுத்தி வைக்கிற வண்டிக்குக் கதை வேற.

நான் இருக்கறது கடலுக்குப் பக்கம். இங்க மழைக்காலத்துல காத்துலயே ஈரமும் உப்பும் கலந்து வரும், இரும்புன்னு ஒண்ணு வெளிய இருந்தா அது செவந்துடும். பிரேக் டிஸ்க் பச்சை இரும்பு, அதுக்கு பெயிண்ட் கிடையாது. ஈரமான டிஸ்க் மேல பேட நெருக்கி வாரக்கணக்குல விட்டா ரெண்டுக்கும் நடுவுல துரு கட்டி ஒட்டிக்கும். அப்புறம் ஒரு நாள் கிளப்பினா வண்டி நகராது, இல்லாட்டி பின்னாடி படார்னு சத்தம் வந்து விடும். விட்ட எடத்துல பேடோட அச்சு டிஸ்க்ல பதிஞ்சு போய் கொஞ்ச நாளைக்கு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிரும்.

அதனால கார்த்திகை மழைல மூடி வைக்கப் போறீங்கன்னா பார்க்கிங் பிரேக்க போடாதீங்க. ஆனா அந்த வாசல் சாய்வுல இல்ல, உள்ள சமமான தரைல நிறுத்தி, பி போட்டு, ரெண்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. ரப்பர் கட்டை ஆன்லைன்லயே கிடைக்குது, இல்லன்னா தச்சுப்பட்டறைல ஆப்பு மாதிரி செதுக்கிக் கேளுங்க. செங்கல் மட்டும் வேணாம், நொறுங்கும். ஆட்டோ ஹோல்ட ஆஃப் பண்ணிட்டு நிறுத்துங்க, இல்லன்னா நீங்க கட்டை வச்சுட்டுப் போனாலும் அது தானா பிரேக்க போட்டு உக்காந்திருக்கும்.

ரொம்ப முக்கியம், கழுவி விட்டு ஈரத்தோட ஷெட்டுல விடாதீங்க. கழுவினா ஒரு ரவுண்டு ஓட்டி நாலு தடவை நல்லா பிரேக் அழுத்தி டிஸ்க்க காய வச்சுட்டு நிறுத்துங்க. நாளைக்கு காலைல டிஸ்க்ல லேசா செவப்பு தெரிஞ்சா பயப்படாதீங்க, தெரு முனைக்குப் போறதுக்குள்ள தேய்ஞ்சு போயிடும்.

ஒருவேளை ஒட்டிக்கிச்சுன்னா ஆக்சிலேட்டர மிதிச்சு இழுக்காதீங்க, ரிவர்ஸ்ல கொஞ்சம் முன்னாடி கொஞ்சம்னு மெதுவா ஆட்டிப் பாருங்க, பெரும்பாலும் விட்டுடும்.


திருவாரூர் பழைய டிரைவர்:

கட்டை வைக்கச் சொன்னவருக்கு ஒரு கும்பிடு. அம்பாசடர் காலத்துல நாங்க ஹேண்ட்பிரேக்க நம்பி நிறுத்துனதே கெடையாது, ஏத்தத்துல நின்னா ஃபர்ஸ்ட் கியர், எறக்கத்துல ரிவர்ஸ், அப்புறம் ஒரு கல்லு. எங்க ஊரு ஆழித்தேரையே எடுத்துக்கங்க, 96 அடி ஒசரம், 300 டன் கனம், திருச்சி பெல் காரங்க இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் குடுத்துட்டாங்க, அப்படியும் முட்டுக்கட்டை போடுறவங்க இன்னிக்கும் சக்கரத்து பக்கத்துலயேதான் வர்றாங்க. உங்க வண்டிக்கும் அதே சட்டம்தான்.

சுவிட்சு பிரேக்ல எனக்கு ஒரே ஒரு கோவம். ஓட்டும்போது ஃபுட் பிரேக் போயிடுச்சுன்னா பழைய லீவர கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நிறுத்தலாம். இதுல என்ன பண்ணுவீங்க?


மன்னை டு மியூனிக்:

பெரியவரே, அதுக்குப் பதில் இருக்கு, இங்க நெறைய பேருக்குத் தெரியாத வசதியே அதுதான். ஊரு மன்னார்குடி, வேலை ஜெர்மனில, வாரக்கடைசில வண்டிப் பைத்தியம், அந்த தகுதில சொல்றேன்.

ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்த சுவிட்ச தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா பின்சக்கரத்து மோட்டார் வேலை செய்யாது. கம்ப்யூட்டர் ஏபிஎஸ் பம்ப ஓட விட்டு நாலு சக்கரத்துக்கும் ஆயில் அழுத்தத்த அனுப்பி, சக்கரம் பூட்டாம, வண்டி கோணாம, நல்லாவே பிடிச்சு நிறுத்தும். விட்டா விட்டுடும். பழைய லீவர்ல பதட்டத்துல இழுத்தா பின்சக்கரம் மட்டும் பூட்டி வண்டி சுத்தும், அதுவும் மழை ரோட்டுல கேக்கவே வேணாம். இதுல அந்த ஆபத்து இல்ல. ஓட்டுறவருக்கு ஏதாவது ஆகி மயங்கிட்டாலும் பக்கத்து சீட்ல இருக்கறவங்க கைக்கு எட்டுற எடம் அது. வீட்ல அக்கா, அம்மா, ஸ்கூல் போற பசங்க எல்லாருக்கும் சொல்லி வைங்க, காலியான ரோட்டுல சின்ன வேகத்துல ஒரு தடவை செஞ்சும் காட்டுங்க. ஒரே தட்டு இல்ல, பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.

அடுத்தது, நிறுத்திட்டு வீட்டுக்குள்ள போயி கொஞ்ச நேரம் கழிச்சு பின்னாடி மோட்டார் சத்தம் திரும்ப வந்தா பேய் பிசாசுன்னு நெனக்காதீங்க. சூடா இருக்கற டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும், அதனால சில வண்டில அதுவே ஒரு தடவை எழுந்து திரும்ப இறுக்கிக்கும்.

இதே சூடுதான் ஸ்போர்ட்ஸ் கார்ல பெரிய விஷயம். இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேலயோ ஓட்டுறவங்கள பாருங்க, ரவுண்டு முடிச்சு பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரம் வண்டி நிறுத்துற எடத்துக்கு, வந்தா பார்க்கிங் பிரேக் போடவே மாட்டாங்க. காய்ஞ்சு கொதிக்கிற டிஸ்க்ல பேட நெருக்கி வச்சா பேடோட பொருள் அந்த ஒரு எடத்துல மட்டும் அப்பிக்கும், அப்புறம் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும், டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னு மெக்கானிக் மாத்தச் சொல்லுவாரு, பல நேரம் டிஸ்க் வளையவே இல்லாம இருக்கும். விக்கிரவாண்டி ரோட்டுல வேகமா வந்து டோல்ல கடைசி நேரத்துல அழுத்திப் பிடிச்சு நிறுத்துறதும் இதே கணக்குதான், வீடு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் தொடாம ஓட்டி ஆற விடுங்க.

எல்லா வண்டிலயும் பேட்தான் பார்க்கிங் பிரேக்னு இல்ல. போர்ஷே 911ல பின் டிஸ்க்கோட நடு குடுவைக்குள்ள சின்னதா ஒரு டிரம் பிரேக் தனியா இருக்கு, 991 மாடல்லேர்ந்து அத கேபிளுக்குப் பதிலா எலக்ட்ரிக்கா இழுக்குறாங்க. சில சூப்பர்கார்ல பெரிய கேலிப்பருக்குப் பக்கத்துல பார்க்கிங்குக்குன்னே பொடிசா இன்னொரு கேலிப்பர் தொங்கும், பாக்க வேடிக்கையா இருக்கும்.

கை லீவர் இன்னும் சாகல. டொயோட்டா ஜிஆர் யாரிஸ்ல லீவர்தான், அத இழுத்த உடனே பின் அச்சுக்குப் போற பவர வண்டியே அறுத்து விட்டுடும், ராலி ஆளுங்க வளைவுல பின்பக்கத்த வீசறதுக்காக. மாஸ்டா எம்எக்ஸ்-5, ஜிஆர்86 எல்லாத்துலயும் பழைய லீவர்தான். ஃபோர்ட் மஸ்டாங் புது மாடல்ல இன்னும் கூத்து, பாக்க பழைய லீவர் மாதிரியே இருக்கும், உள்ள எல்லாம் எலக்ட்ரானிக், ட்ரிஃப்ட், அதாவது பின்பக்கத்த வழுக்க விட்டு ஓட்டுறது, அதுக்குன்னே தனி மோடு. அதுக்கு முந்தின மஸ்டாங்ல லைன் லாக்னு ஒண்ணு குடுத்தாங்க, முன்சக்கரத்த மட்டும் பூட்டி பின்சக்கரத்த சுத்த விட்டு டயர சூடு பண்றது, டிராக்குக்கு மட்டும். மகாமகக் குளத்த சுத்தி யாராவது செஞ்சா அது என் தப்பில்ல.

நம்ம ஊருக்கு நிஜமாவே பயன்படுறது மூக்கத் தூக்குற வசதி. 911ல முன்பக்கம் கிட்டத்தட்ட 40 மிமீ ஏறும். கார்வெட் சி8ல இன்னும் ஒரு படி மேல, ஜிபிஎஸ் வச்சு எந்த எடத்துல தூக்குனீங்கன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த தடவை தானா தூக்கும், 1000 எடம் வரைக்கும் மனப்பாடம் பண்ணும். தஞ்சாவூர்லேர்ந்து வேதாரண்யம் போறதுக்குள்ள அந்த ஆயிரமும் தீர்ந்துடும்னு வைங்க. மழைக்கு இன்னொண்ணு, 992 மாடல் 911ல முன்சக்கரத்து குழிக்குள்ள மைக் மாதிரி சென்சார் இருக்கு, டயர் வாரி அடிக்கிற தண்ணி சத்தத்த காதால கேட்டு ரோடு நனைஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு வெட் மோடுக்கு மாத்தச் சொல்லும்.

உங்க பிஎம்டபிள்யூலயும் மழைக்கு ஒரு கமுக்கமான வேலை நடக்குது. வைப்பர் ஓடுற நேரத்துல அப்பப்ப பேட டிஸ்க்கோட லேசா உரசி தண்ணிய துடைச்சு விடும், காலுக்குத் தெரியவே தெரியாது. 3 சீரீஸ்ல இது 2005லேர்ந்தே இருக்கு.


குடந்தை ஆறுசிலிண்டர்:

அடேங்கப்பா. எல்லாருக்கும் நன்றி. டார்க் அண்ணே சொன்ன வரிசைல போட்டுப் பாத்தேன், டொக்கு சத்தம் நின்னுடுச்சு. மச்சான்கிட்ட சொன்னா அது ஆயில் சூடு ஏறினதால நின்னுருக்கும்ங்கறார், அவர விடுங்க.

இப்ப புதுசா ஒரு பயம். மழைக்கு மூடி வச்சு பேட்டரி எறங்கிப் போச்சுன்னா? சுவிட்சும் கரண்ட்ல, கியரும் கரண்ட்ல, சாவியும் கரண்ட்ல. வண்டி கல்லு மாதிரி கெடக்குமே. அப்புறம் கல்யாண மண்டபத்துல வண்டிய நிறுத்தித் தர்றேன்னு பசங்க சாவி வாங்குறாங்களே, குடுக்கலாமா?


தஞ்சாவூர் டார்க்:

பேட்டரி எறங்கினா பிரேக் போட்டிருந்தா போட்டபடியே, எடுத்திருந்தா எடுத்தபடியே இருக்கும். கியர் பி-ல மாட்டிக்கும். கரண்ட் குடுக்காம ரெண்டும் விடாது. அதனால நிறுத்தி வைக்கும்போதே பேட்டரி மெயின்டெய்னர் ஒண்ணு மாட்டி விடுங்க, தானா சார்ஜ் பண்ணி தானா நிக்கும், அதுக்கு மேல எதுவும் வேணாம். சாவில பேட்டரி போச்சுன்னா அதுக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கு, கதவு அதுல தொறக்கும். உள்ள வந்து ஸ்டீயரிங் தண்டு பக்கத்துல குறி போட்டிருக்கற எடத்துல ரிமோட்ட ஒட்டி வச்சு ஸ்டார்ட் அமுக்குனா எடுக்கும். ஜம்ப் பண்ணணும்னா டிக்கிய தொறக்க வேண்டியதில்ல, பானட்டுக்குள்ளயே பிளஸ் முனை தனியா குடுத்திருக்காங்க.

911 வச்சிருக்கறவங்களுக்கு இதவிட மோசம், அதுல பேட்டரி முன்மூடிக்குள்ள, முன்மூடி தொறக்கறதே கரண்ட்ல. பேட்டரி செத்தா பேட்டரிகிட்டயே போக முடியாது. அதுக்குத்தான் 997, 991 மாடல்ல எல்லாம் உள்ள காலடி ஃபியூஸ் பெட்டில ஒரு செவப்பு முனை வெளிய இழுக்கற மாதிரி இருக்கு, அதுல பிளஸ குடுத்து, மைனஸ கதவு கொண்டி மாட்டுற இரும்புல பிடிச்சா மூடி தொறக்கற அளவுக்கு உயிர் வரும். எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இழுத்துட்டுப் போற நிலைமை வந்தா, கயித்த சஸ்பென்ஷன் ஆர்ம்ல கட்ட விடாதீங்கண்ணே, கால்ல விழுந்தாவது தடுங்க. டூல் கிட்டுல ஒரு வளையம் இருக்கும், பம்பர்ல ஒரு சின்ன மூடிய தட்டித் தொறந்தா அத திருகுற ஓட்டை. அதுவும் தட்டு லாரில ஏத்தறதுக்கு மட்டும். உங்கது நாலு சக்கர டிரைவ், ரெண்டு சக்கரத்த தூக்கி ரெண்ட உருட்டி இழுத்தா கியர்பாக்ஸ் பக்கம் செலவு வரும்.

மண்டபத்துப் பசங்க விஷயம் உங்க இஷ்டம், நான் குடுக்க மாட்டேன். பெல்ட் போடாம கதவ பாதி தொறந்துட்டு பின்னாடி பாத்துக்கிட்டே ரிவர்ஸ் எடுக்கற பழக்கம் நம்மாளுங்களுக்கு, அப்படி எடுத்தா பல வண்டில பார்க்கிங் பிரேக் தானா விடாது, அவங்க பிடிச்சிருக்குன்னு புரியாம மிதிப்பாங்க. சில வண்டில கதவத் தொறந்ததும் தானா பி விழுந்து நட்ட நடுவுல நின்னுடும்.


மன்னை டு மியூனிக்:

கார்வெட்ல அதுக்கும் ஒரு வழி செஞ்சாங்க, 2015 மாடல்ல வேலே மோடுன்னு ஒண்ணு. சாவி வாங்கிட்டுப் போறவர் எப்படி ஓட்டுறாருன்னு கேமரால படம் பிடிச்சு, வேகம் எல்லாம் பதிவு பண்ணி வைக்கும். உள்ள பேசறதையும் பதிவு பண்ணுச்சு, சம்மதம் இல்லாம குரல பதியறது அமெரிக்கால சில மாநிலத்துல சட்டப்படி தப்புன்னு தெரிஞ்சு அப்புறம் அவங்களே எச்சரிக்கை விட வேண்டியதாப் போச்சு. மண்டப வாசல்ல பசங்க பேசறத கேட்டா நமக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்.

அப்புறம் சித்திரை வெயில்ல நிறுத்திட்டு வந்து உக்கார முடியலன்னா, தூரத்துலேர்ந்தே அன்லாக் பட்டன அமுக்கி பிடிச்சுக்கிட்டே இருங்க, எல்லா கண்ணாடியும் எறங்கும். உங்க வண்டில கண்டிப்பா இருக்கும், செட்டிங்ஸ்ல ஆஃப் ஆயிருந்தா ஆன் பண்ணுங்க.


ஒரத்தநாட்டு ஓரம்:

எல்லாரும் பிரேக்கயே பேசறீங்க, நான் நிறுத்துற எடத்த பத்தி சொல்லிக்கிறேன். அறுப்பு முடிஞ்சா நம்ம ரோடு பூரா நெல்லு, வைக்கோல், அப்புறம் பங்குனில உளுந்துச் செடியும் பயத்தஞ்செடியும் பரப்பி விட்டிருப்பாங்க, வண்டி ஏறினா அடிச்சுக் குடுத்துடும்னு. லாரி பஸ்ஸுக்கு அது ஒண்ணுமில்ல. இந்த மாதிரி தாழ்வான வண்டிக்கு அடில சைலன்சர் பக்கம் சுருண்டு ஏறிக்கும். புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கொதிக்கிற சூடுல இருக்கும், வைக்கோல் காஞ்சது, அதுக்கு மேல சொல்ல வேணாம். வைக்கோல் மேல ஓட்டினா கொஞ்ச தூரத்துல நிறுத்தி குனிஞ்சு பாருங்க, சுருண்டு கெடந்தா சூடு ஆறினதும் ஒரு குச்சியால இழுத்து விடுங்க. எக்காரணம் கொண்டும் களத்து மேட்டுல, வைக்கோல் போர் பக்கத்துல சூட்டோட நிறுத்தாதீங்க. யாராவது நிழல் இருக்கு தம்பி இங்க போடுங்கன்னு அன்பாத்தான் கூப்பிடுவாங்க, கேக்காதீங்க.

இன்னொண்ணு எலி. வயக்காட்டு எலி மழைக்கு ஒதுங்க எடம் தேடி வரும், மூடி போட்ட கார் அதுக்கு பங்களா. சக்கரத்துக்குப் போற சென்சார் வயரையும் பார்க்கிங் பிரேக் மோட்டார் வயரையும் கடிச்சா டேஷ்ல தீபாவளி மாதிரி எல்லா லைட்டும் எரியும். நாகை அண்ணன் கட்டை வைக்கச் சொன்னாரு, நான் ஒரு எலிப்பொறியும் சேத்து வைக்கச் சொல்றேன். மூடி வச்சாலும் வாரம் ஒரு தடவை பானட்ட தொறந்து பாருங்க.


குடந்தை ஆறுசிலிண்டர்:

ஒரத்தநாட்டு அண்ணே சொன்னது யாருமே சொல்லாத விஷயம், நன்றி. கடைசியா ஒண்ணு. பின் பேட் தேய்மானம் பாதிக்கு மேல போயிடுச்சுன்னு காட்டுது. இங்க தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், ஸ்விஃப்டுக்கு எல்லாம் அவர்தான் பாத்தாரு, நானே மாத்தித் தர்றேன், இது என்ன பெரிய வித்தையாங்கறார். விடலாமா?


தஞ்சாவூர் டார்க்:

முன் பேட்னா தாராளமா விடுங்க. பின் பேட்னா ஒரே கேள்வி கேளுங்க, சர்வீஸ் மோடுல போட ஸ்கேனர் இருக்கான்னு. பார்க்கிங் பிரேக் மோட்டார பின்னாடி எடுக்கச் சொல்லி கம்ப்யூட்டருக்கு கட்டளை குடுத்து, ஸ்க்ரூ முழுசா உள்ள போனதுக்கு அப்புறம்தான் பிஸ்டன தள்ளணும். சி கிளாம்ப் போட்டு பழைய வண்டி மாதிரி நெருக்கி தள்ளினா உள்ள ஸ்க்ரூவோ மோட்டார் கியரோ போயிடும், அது போச்சுன்னா கேலிப்பர் வெலை. எங்க பக்கத்துல ஒரு பட்டறைல ஒரு ஜெர்மன் வண்டிக்கு அப்படித்தான் ஆச்சு, பேட் மாத்தப் போயி ரெண்டு கேலிப்பரும் மாத்திட்டு வந்தாரு. வேலை நடக்கும்போது ஸ்டார்ட் பட்டனையும் யாரும் தொடக்கூடாது, பக்கத்துல பசங்கள விடாதீங்க, சும்மா அமுக்கிப் பாப்பானுங்க. முடிச்சதும் ஸ்கேனர்லயே பேட் மாத்தினத பதிஞ்சு, சுவிட்ச நாலஞ்சு தடவை போட்டு எடுத்து, புது பேட்டுக்கு எவ்ளோ தள்ளணும்னு அதுக்குப் பழக்கி விடணும்.

டிஸ்க்கோட கனத்தையும் அளந்து பாக்கச் சொல்லுங்க, குறைஞ்சபட்ச அளவு டிஸ்க் ஓரத்துலயே பொறிச்சிருக்கும். ஸ்கேனர் என்கிட்ட இருக்கு, உங்க மெக்கானிக்கையும் கூட்டிட்டே வாங்க, அவரும் பாத்துக்கட்டும். ஞாயித்துக்கெழமை மட்டும் வேணாம்ணே, அன்னிக்கு கல்லணைப் பக்கம் ஒரு குரூப் டிரைவ் இருக்கு.